‘ஆம்’ என்பதற்கு முன்

“எல்லாவற்றையும் குளோன் செய்துவிடலாம் சாமி” என்று எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் சொன்னபோது, பங்கு மன்றக் கூட்டத்தில் அமர்ந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவருக்கு நினைவு வந்தது டாலி என்னும் செம்மறியாடு. 1996-ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் பிறந்து, மறு ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அந்த ஆட்டைப் பற்றியும், அதையொட்டித் திருச்சபை எழுப்பிய அறநெறிக் கேள்விகளைப் பற்றியும் அந்நாளில் நிறையப் படித்தவர் அவர். “நம்ம பங்கிலே அதெல்லாம் வேண்டாம் தம்பி” என்றார். கூட்டம் சிரித்தது. இளைஞர் சொன்னது உயிரைப் படியெடுப்பதை அன்று. ஒரு கணினியின் வன்தட்டில் உள்ளதையெல்லாம் அப்படியே மற்றொரு கணினியின் வன்தட்டில் பதிப்பதை. அன்று நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம். ஆனால் அந்தப் பெரியவரின் தயக்கத்திலும் ஒரு பொருள் இருந்தது என்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம். அறிந்துகொண்ட விதம் எங்களுக்குப் பெருமை தருவதன்று. எனினும் பிற பங்குகளுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் பங்கின் மாலை நேரப் படிப்பகத்துக்கு வெளியூர் அலுவலகம் ஒன்று பத்துக் கணினிகளைக் கொடையாக அனுப்பியிருந்தது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்கோ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். ஆகவே, எந்தப் பழுதும் இல்லாமலேயே ‘பழையவை’ என்று பெயர் பெற்ற கணினிகள் அலுவலகங்களிலிருந்து வெளியேறத் தொடங்கின. எங்களுக்கு வந்தவையும் அவ்வினத்தவையே. பத்தில் எட்டு ஒரே வார்ப்பு, நான்கு ஜி.பி. நினைவகம் கொண்டவை. ஒன்பதாவது வேறொரு வகை. பத்தாவது எல்லாவற்றிலும் மூத்தது. 32 பிட் செயலியும் இரண்டு ஜி.பி. நினைவகமும் கொண்டது. கொடையாளர்கள் தங்கள் அலுவலக விவரங்களையெல்லாம் முறைப்படி அழித்துவிட்டே அனுப்பியிருந்தார்கள். பத்துத் தட்டுகளும் வெறுமையாக இருந்தன.

பதினோராவதாக ஒன்று சேர்ந்தது. அது எங்கள் பங்கு அலுவலகத்துக் கணினி. உபதேசியார் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்தது. திறந்தால் எழுந்து வருவதற்குள் ஒரு காரணிக்கம் சொல்லி முடித்துவிடலாம். “இதையும் கையோடு சரி செஞ்சு கொடுங்க தம்பி” என்று அவரே சுமந்து வந்து எங்களிடம் ஒப்படைத்தார்.

இவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் எழுதத் தொடங்கிய நிரல் அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் மென்பொருள்களோடு அது இணைந்தபோது முழுமையான ஓர் இயங்குதளம் உலகுக்குக் கிடைத்தது. எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று அதன் உரிமமே சொல்கிறது. திருத்தியதைப் பிறருக்குத் தரும்போது அதே உரிமையை அவர்களுக்கும் தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நம் தமிழகத்துக்கு இது புதிதும் அன்று. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது.

எங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. சொல்ல வெட்கமாயினும் சொல்கிறோம். பங்கு அலுவலகக் கணினியில் இருந்த இயங்குதளம் விலை கொடுத்து வாங்கியதன்று. தெரிந்தவர் ஒருவர் எங்கிருந்தோ படியெடுத்துவந்து ஏற்றிக்கொடுத்தது. மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் கட்டளையைப் பற்றிய வினாத்தாளை அக்கணினியிலேதான் ஆண்டுதோறும் தட்டச்சு செய்து அச்சிட்டுவந்தோம். படியெடுக்கக் கூடாததைப் படியெடுத்துப் பழகிய எங்களுக்கு, படியெடுக்க அனுமதியுள்ள ஒன்று கிடைத்தது ஓர் ஆறுதலாகவே இருந்தது.

எப்படி ஏற்றுவது என்பதில்தான் விவாதம் எழுந்தது. முதல் வழி நிறுவுதல். பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸைப் பதிந்து, அதைக் கொண்டு கணினியைத் தொடங்கி, மொழி, நேரம், விசைப்பலகை, பயனர் பெயர், கடவுச்சொல் என்று அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடையளித்து, பின்னர் புதுப்பிப்புகளையும் தமிழ் எழுத்துருக்களையும் அச்சுப்பொறியையும் சேர்க்க வேண்டும். எங்கள் இணைய வேகத்துக்கு ஒரு கணினிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டாம் வழி நகலெடுத்தல். ஒரே ஒரு கணினியைச் செம்மையாக அமைத்து, அதைத் தாயாகக் கொண்டு, அதன் தட்டைப் பிற தட்டுகளில் ‘குளோன்சில்லா’ என்னும் கருவியால் படியெடுப்பது. தைவானில் உருவான அக்கருவியும் விலையற்றதே. தட்டு முழுவதையும் அன்றி, அதில் எழுதப்பட்டுள்ள பகுதிகளை மட்டுமே அது படியெடுக்கும். ஆதலால் ஒரு தட்டுக்குக் கால் மணி நேரம் போதும்.

இரண்டு மணி எங்கே, கால் மணி எங்கே? ஆனால் கணக்கு அவ்வளவு எளிதன்று என்பது சற்று ஆராய்ந்தபோது தெரிந்தது. லினக்ஸ் பெரும்பாலான வன்பொருள்களுக்கான இயக்கிகளைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், ஒரு கணினியின் நகல் சற்று வேறுபட்ட மற்றொரு கணினியிலும் பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் 64 பிட் கணினியின் நகல் 32 பிட் கணினியில் எழவே எழாது. புதிய முறையில் தொடங்கும் கணினியின் நகல், பழைய பயாஸ் முறையில் மட்டுமே தொடங்கும் கணினியில் பெரும்பாலும் நின்றுபோகும். பெரிய தட்டின் நகலைச் சிறிய தட்டில் அப்படியே இறக்கவும் முடியாது. எங்கள் பத்தாவது கணினிக்கு நகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. டெபியன் என்னும் லினக்ஸ் வகையில்கூட, 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்போடு 32 பிட் கணினிகளில் நிறுவும் வழி நின்றுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் அது இல்லை. அம்மூத்த கணினிக்கு ஏற்ற எளிய பதிப்பைத் தேடி, தனியே அமர்ந்து நிறுவ வேண்டியிருந்தது.

ஆகவே ஒரே வார்ப்பான எட்டில் ஒன்றைத் தாயாக அமைத்து ஏழு நகல்கள் எடுப்பது, மற்ற இரண்டிலும் தனித்தனியே நிறுவுவது, உபதேசியாரின் கணினியில் உள்ளவற்றை முதலில் வேறோர் இடத்தில் சேமித்துவிட்டுப் பின்னர் புதிதாக நிறுவுவது என்று முடிவாயிற்று. முடிவில் குறையொன்றும் இல்லை. குறை எங்களிடத்தில் இருந்தது.

திருவருகைக்காலத்துச் சனிக்கிழமை மாலை அது. மறுநாள் திருப்பலி முடிந்ததும் படிப்பகத்தைப் பங்குத்தந்தை மந்திரித்துத் திறந்துவைப்பதாக அறிவித்தாயிற்று. நாங்கள் மூவர் வேலையில் இருந்தோம். கணினிகளைத் திறந்து தட்டுகளைக் கழற்றி, ஒரு நீண்ட மேசையின்மேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகத் தாய்க் கணினியில் இணைத்துப் படியெடுத்தோம். உபதேசியாரின் கணினித் தட்டையும், அதில் உள்ளவற்றைச் சேமிக்க வேண்டும் என்பதற்காகவே கழற்றி, அதே மேசையில் வைத்திருந்தோம். அதுவும் 500 ஜி.பி. தட்டு, அதே நிறுவனத்தின் தயாரிப்பு.

குளோன்சில்லா எச்சரிக்கை மிக்க கருவி. எந்தத் தட்டிலிருந்து எந்தத் தட்டுக்குப் படியெடுக்கப் போகிறது, அத்தட்டின் தொடர் எண் என்ன, அதில் இப்போது என்னென்ன பகுதிகள் உள்ளன என்பதையெல்லாம் திரையில் காட்டுகிறது. அவை அழிந்துவிடும் என்கிறது. தொடரலாமா என்று கேட்கிறது. ‘ஆம்’ என்றால் உடனே தொடங்கிவிடுவதில்லை. மறுபடியும் ஒரு முறை கேட்கிறேன் என்று சொல்லி, அதே கேள்வியைத் திரும்பவும் கேட்கிறது. முதல் தட்டுக்கு அவ்வரிகளை வாய்விட்டுப் படித்தோம். இரண்டாம் தட்டுக்குக் கண்ணால் படித்தோம். மூன்றாம் தட்டிலிருந்து படிக்கவில்லை. கேள்வி வந்தவுடன் ‘ஆம்’. மறுமுறை வந்தவுடன் ‘ஆம்’.

ஏழு நகல்களும் முடிந்தன என்று எழுந்து நின்றபோது, மேசையில் வெறுமையான தட்டு ஒன்று எஞ்சியிருந்தது.

எப்படி எஞ்சும் என்று எண்ணிப் பார்த்தோம். இரண்டாம் முறை எண்ணும்போதே உள்ளங்கை குளிர்ந்தது. உபதேசியாரின் தட்டு அந்த ஏழில் ஒன்றாகக் கலந்துபோயிருந்தது. எங்களுள் எவர் விசையைத் தட்டினார் என்று இங்கே எழுதப் போவதில்லை. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம், மூவருமே படிக்கவில்லை.

அத்தட்டில் இருந்தவை எவை? திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் தாளிலேயே இருக்கின்றன, அவற்றுக்குச் சேதமில்லை. அன்பியக் குடும்பப் பட்டியலை மீண்டும் எடுத்துவிடலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தின் 24 காட்சிகளும் அதில் இருந்தன. தலைமுறை தலைமுறையாகக் கையால் படியெடுத்துப் படியெடுத்து வந்த நோட்டுப் புத்தகங்களை ஒப்பிட்டு, பாடல்களை முதியோரிடம் கேட்டுச் சரிபார்த்து, உபதேசியார் நான்கு ஆண்டுகள் உழைத்துத் தட்டச்சு செய்தவை. தட்டச்சு முடிந்த நிம்மதியில் அவர் பரணில் வைத்த நோட்டுகளில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. அதனால் என்ன, கணினியில் பத்திரமாக இருக்கிறதே என்று அவர் சொன்னதை நாங்களே கேட்டிருக்கிறோம்.

மறுநாள் முதல் திருப்பலிக்கு மணியடிக்க வந்த அவரிடம் சென்று சொன்னோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் பழக்கப்பட்ட பாவங்களை அடுக்கிச் சொல்வது எவ்வளவு எளிது என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார். “எல்லாமேவா தம்பி?” என்று கேட்டார். தெரியவில்லை ஐயா என்றோம். “சரி. மணி ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு மணியடித்தார்.

அன்று மாலையே மீட்புப் பணி தொடங்கியது. விவரம் அறிந்த ஒருவர் சொன்ன முதல் அறிவுரை, அத்தட்டில் இனி ஓர் எழுத்தும் எழுதக்கூடாது; அதைக் கொண்டு கணினியைத் தொடங்கவும் கூடாது என்பது. இரண்டாவதாக அவர் சொன்னதுதான் எங்களுக்கு உயிர் தந்தது. குளோன்சில்லா தாய்த் தட்டில் எழுதப்பட்டிருந்த பகுதிகளை மட்டுமே படியெடுத்திருக்கும். தாயில் இருந்தது சுமார் 11 ஜி.பி.; தட்டோ 500 ஜி.பி. எனவே அதன்மேல் எழுதப்படாத பகுதிகளில் பழையவை இன்னும் இருக்கக்கூடும். முகவரிப் பட்டியல் அழிந்ததே தவிர, வீடுகள் எல்லாம் இடியவில்லை.

‘போட்டோரெக்’ என்னும் மென்பொருளைக் கொண்டு தேடினோம். பிரான்சு நாட்டவரான கிறிஸ்டோப் கிரெனியர் எழுதி, விலையின்றி வழங்கிவருவது. அது கோப்பின் பெயரைத் தேடுவதில்லை. தட்டு முழுவதையும் துழாவி, இது கடிதக் கோப்பின் தொடக்கம், இது படத்தின் தொடக்கம் என்று உள்ளடக்கத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறது. அதனால் கோப்புகள் திரும்பி வருகின்றன, பெயர்கள் வருவதில்லை. இரவு முழுதும் ஓடி, நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளைக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஆங்கில ‘எஃப்’ எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமே பெயர்.

திறந்து பார்த்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொருளற்றுக் குவிந்து கிடந்தன. எல்லாம் சிதைந்துவிட்டன என்றே நினைத்தோம். எட்டிப் பார்த்த உபதேசியார் மட்டும், “இது நான் அடிச்சதுதான். அந்த ஃபாண்ட் இல்லாம எப்படித் தெரியும்?” என்றார். ஒருங்குறி பரவுவதற்கு முன்னைய வழக்கப்படி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு ஒன்றில் அவர் தட்டச்சு செய்திருந்தார். அவர் அறிந்த அச்சகம் ஒன்றில் அவ்வெழுத்துரு இன்னும் இருந்தது. வாங்கிவந்து சேர்த்ததும், பொருளற்ற குவியல் அப்படியே தமிழாக மாறியது. அக்கணத்தை எழுத்தில் வடிக்க எங்களால் இயலாது.

அதன் பின்னர் பல வாரங்கள் மாலைதோறும் அவர் வந்து எங்களோடு அமர்ந்தார். பெயரற்ற கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இரண்டு வரி படித்து, “இது ஒலிவமலை”, “இது வெரோணிக்கா”, “இது காய்பா வீடு” என்று பெயர் சொன்னார். நாங்கள் பெயரிட்டு, ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்தோம். 24 காட்சிகளில் 17 கிடைத்தன. எஞ்சிய ஏழில் ஐந்தை, கறையான் விட்டுவைத்த நோட்டுகளிலிருந்தும், நாடகத்தில் நெடுங்காலம் பேதுருவாக நடித்த முதியவர் ஒருவரின் நினைவிலிருந்தும் மீட்டோம். கட்டிலில் சாய்ந்தபடியே தம் மறுதலிப்புக் காட்சியை அவர் முழுவதும் பாடினார். பிலாத்துவின் மனைவி கண்ட கனவும் யூதாசின் புலம்பலும் திரும்பவில்லை. அவற்றைக் கடைசியாகப் பாடியவர்கள் இன்று உயிரோடு இல்லை.

இனி, தொடங்கிய கேள்விக்கு வருவோம். நகலெடுப்பதா, நிறுவுவதா?

1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் என்று பெருமை கொள்கிறவர்கள் நாம். அதற்கு முன் நம்மிடம் ஏடுகள் இருந்தன. ஏட்டைப் படியெடுப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்து எழுதினார். தவறினால் அவருடைய ஏட்டில் மட்டும் தவறியது. அச்சு வந்தபின் வேலை விரைந்தது; ஆனால் அச்சுக்கோத்தவர் செய்த ஒரு பிழை எல்லாப் படிகளிலும் பிழையாயிற்று. அதனாலேயே மெய்ப்புப் பார்ப்பவர் தேவைப்பட்டார். கணினியின் நகலும் அப்படித்தான். தாய்க் கணினியில் தமிழ்99 விசைப்பலகையை அமைக்க மறந்திருந்தோம். எட்டுக் கணினிகளிலும் அது மறந்தே போயிருந்தது. தாய்க்கு இட்ட பெயரையே எட்டும் தாங்கி நின்றன. ஒவ்வொரு லினக்ஸ் கணினிக்கும் உள்ளே தனக்கேயுரிய அடையாள எண் ஒன்று இருக்க வேண்டும். அதுவும் எட்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. பின்னர் ஒவ்வொன்றாக அமர்ந்து அவ்வெண்ணை மாற்றினோம். பெயர்களைப் படிப்பகத்துப் பிள்ளைகளே புனிதர்களின் பட்டியலிலிருந்து தேர்ந்து சூட்டினார்கள்.

எனவே எங்கள் அனுபவம் சொல்வது இது. ஒரே வார்ப்பான கணினிகள் பல இருந்தால், ஒன்றைப் பொறுமையோடு அமைத்து, இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்துப் பிழை நீக்கி, அதன்பின் நகலெடுக்கலாம். நகலெடுத்தபின் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பெயரையும் அடையாளத்தையும் கொடுக்க வேண்டும். வேறுபட்ட கணினிகள் என்றால், நேரம் சென்றாலும் தனித்தனியே நிறுவுவதே நன்று. ஆனால் இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதல் நகலைப் பழையதிலிருந்து எடுக்க வேண்டும். பயன்பாட்டிலிருந்த கணினி எதுவாயினும், அதில் உள்ளதை முழுவதுமாக வேறொரு தட்டில் படியெடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்து, பெயரெழுதி ஒட்டி, வேறோர் அறையில் வைத்துப் பூட்டிய பிறகே மற்ற வேலை. எங்கள் கையில் இருந்த அதே கருவி, கால் மணி நேரத்தில் அழித்ததைச் சில மணி நேரத்தில் காத்துக் கொடுத்திருக்கும். புதியதைப் பெருக்குவதற்கு அதைப் பயன்படுத்தினோம். பழையதைக் காப்பதற்குப் பயன்படுத்தத் தவறினோம்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. கொடையாக வந்த பத்துத் தட்டுகளும் வெறுமையாக இருந்ததால், எல்லாத் தட்டுமே வெறுமையானவை என்று கை பழகிவிட்டது. பழையது என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்ற அவ்வெண்ணம் கணினியோடு நின்றுவிடுகிறதா? ஊர் முதியவர்களைக் குறித்தும் நாம் அப்படி எண்ணுவதில்லையா? பேதுருவாக நடித்த அம்முதியவரின் வீட்டுத் திண்ணையை நாங்கள் எத்தனை முறை கடந்து போயிருப்போம்! நாடகம் அழிந்த பின்னரே அவர் அருகில் சென்று அமர்ந்தோம்.

திருப்பலியில் நாம் பலமுறை ‘ஆமென்’ சொல்கிறோம். கேட்டுச் சொல்கிறோமா, பழக்கத்தால் சொல்கிறோமா? இருமுறை கேட்கப்பட்டும், இருமுறையும் படிக்காமலேயே ‘ஆம்’ என்று சொன்ன எங்களுக்கு, அந்தச் சொல் இப்போது சற்றுக் கனமாகவே நாவில் எழுகிறது.

உபதேசியாரின் கணினிக்குப் புதுத் தட்டு வாங்கி, அதில் லினக்ஸைத் தனியே நிறுவிக் கொடுத்தோம். நாடகத்தின் படிகள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. பழைய தட்டு ஆலய அலுவலகப் பீரோவில், அவர் கையெழுத்திட்ட உறையில், எதுவும் எழுதப்படாமல் அப்படியே இருக்கிறது. யூதாசின் புலம்பலுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அண்மையில் அவரிடம் கேட்டோம்.

“பக்கத்து ஊர்லேயும் நம்ம நாடகத்தைப் படியெடுத்துட்டுப் போய் ஆடினாங்கன்னு சொல்வாங்க. அங்கே யார்கிட்டயாவது பழைய நோட்டு இருக்கும் தம்பி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போய்ப் பார்க்கலாம்” என்றார்.

போகிறோம்.